புறாக்காரனின் சாட்சி

வாருங்கள், வாசகர்களே. வந்து சாட்சியாக நில்லுங்கள். ஒரு கொலை நடந்த இடத்துக்கு உங்களை அழைக்கிறேன். தரையில் இரத்தம் தேடாதீர்கள்; கதவோரம் கத்தி தேடாதீர்கள். இராக்கின் மோசூல் நகரின் பழைய பகுதியில், போர் மென்று துப்பியதில் பாதி மட்டும் மறுபடி எழும்பிய ஒரு வீடு. அதன் மேல்தளத்து அறையில் ஒரு மேசை. மேசைமேல் மூலை உடைந்து நாடா ஒட்டிய ஒரு மடிக்கணினி. அதன் முன்னே ஒரு பெண். திரையில் சில வரிகள். கொலைக்கருவி அந்த வரிகள்தாம். செத்தது அவள் செய்த விளையாட்டு.

அவள் பெயர் சுந்துஸ். 'மாடிக்கு வா' என்ற கைபேசி விளையாட்டைத் தனியொருத்தியாகச் செய்து முடித்து, உலகமெல்லாம் செயலிகளை விற்கும் பெருங்கடையில் அதை ஏற்றி ஒரு மாதம் ஆகவில்லை. அன்று காலை கடையிலிருந்து வந்திருந்த மின்னஞ்சல் இவ்வளவே சொன்னது:

'உங்கள் கணக்கு, விதிமீறலுக்காக முன்பே மூடப்பட்ட வேறொரு கணக்கோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் கணக்கு மூடப்பட்டது. உங்கள் செயலி நீக்கப்பட்டது. நீங்கள் இனிப் புதிய கணக்குத் தொடங்க அனுமதி இல்லை.'

எவருடைய கணக்கு? சொல்லவில்லை. எந்த விதி? சொல்லவில்லை. தீர்ப்பு எழுதிய கை எது? அதுவும் இல்லை. அடியில் 'குழு' என்றொரு சொல் மட்டும் இருந்தது. பெயரில்லாதவர்கள் பதுங்கிக்கொள்ளக் கட்டிய திரைபோல.

யாரோ கடவுச்சொல் திருட அனுப்பிய மோசடி அஞ்சல் என்றே முதலில் அவள் நினைத்தாள். கைபேசியை எடுத்துக் கடையைத் திறந்து தன் விளையாட்டின் பெயரைத் தேடினாள். மிட்டாய் நொறுக்கும் விளையாட்டு ஒன்று வந்தது. மாடிவீட்டு வரைபடம் போடும் செயலி ஒன்று வந்தது. அவளுடையது வரவில்லை. மறுபடி தேடினாள். எழுத்தை மாற்றித் தேடினாள். பிணவறையில் பிள்ளையைத் தேடுகிறவள் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்ப்பதுபோல, பட்டியலைக் கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"சுந்துஸ்! டீ ஆறுதுடி!" என்று கீழிருந்து அவள் தாய் கவ்லா கூவினாள். "சமூன் ரொட்டி கல்லாப் போனப்புறம் என்னை ஏசாதே!"

சுந்துஸ் பட்டியலை மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

தனியொருத்தியாக ஒரு விளையாட்டைச் செய்வது என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? பெரிய நிறுவனத்தில் ஒருவர் வரைவார், ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் ஒலி அமைப்பார், ஒருவர் விற்பார். இங்கே அத்தனை பேரும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். சுந்துஸ் வரையத் தெரியாதவள். இடிந்த தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடியையும் பார்த்துப் பார்த்து, புறாவின் கழுத்து எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிக்கும்வரை வரைந்து அழித்தாள். நிரல் எழுதக் காணொளிகளில் கற்றாள். மின்சாரம் எந்த நொடியும் போகும் என்பதால், ஒரு வரி எழுதினால் ஒரு முறை சேமிப்பது அவள் விரலுக்கு இமைப்பதுபோல் பழகிவிட்டது. சிறகடிக்கும் ஓசைக்காகத் தாயின் ஈரத் துப்பட்டாவைக் காதருகே உதறி உதறிப் பதிவு செய்தாள். பழைய கைபேசியிலும் ஓட வேண்டுமே என்று, தெருமுனைக் காய்கறிக்காரரின் கண்ணாடி நொறுங்கிய கைபேசியை இரவல் வாங்கி, அதில் திணறாத அளவுக்குப் படங்களை இளைக்க வைத்தாள். எல்லாவற்றிலும் கடினமான கலை ஒன்று உண்டு: பிறர் விளையாடும்போது வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. எழுத்தறியாத கவ்லாவின் கையில் விளையாட்டைக் கொடுத்துவிட்டு மகள் பேசாமல் பார்த்தாள். தாய் தடுமாறிய இடத்திலெல்லாம் தவறு தாயுடையதன்று, தன்னுடையது என்று திருத்தினாள். அதனால்தான் அந்த விளையாட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை. பார்த்தாலே புரியும்.

விளையாட்டு இதுதான். போரில் சிதறிய புறாக்கூட்டம் நகரத்துக்கு மேலே வட்டமிடும். ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு மாடி. நீங்கள் கழியில் கட்டிய கறுப்புத் துணியை வீச வேண்டும், சீழ்க்கை அடிக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அவரவர் மாடிக்கு அவரவர் புறாவை இறக்க வேண்டும். மாடிகள் எவையும் கற்பனை அல்ல. அந்தத் தெருவில் இருந்த வீடுகள், இடிபடுவதற்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியே.

தெருவைவிட்டு ஓடி, இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒருவர் கடையின் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார்: 'இடப்பக்கம் மூன்றாவது மாடி எங்களுடையது. நீலத் தண்ணீர்த் தொட்டிகூட இருக்கிறது. என் பையனுக்குக் காட்டினேன். அதில் புறா இறங்கியதும் அவன் கை தட்டினான்.' சுந்துஸ் அதைத் தாய்க்குப் படித்துக் காட்டினாள். கவ்லா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீலத் தொட்டியா? அது உம்மு கைஸ் வீடு. அவ பையன்தான் ஓயாம எங்க மாடியில கல் எறிவான்" என்றாள். இப்போது அந்தக் கருத்தும் போயிற்று. தொட்டியும் போயிற்று. குண்டு ஒருமுறை தகர்த்த மாடியை இந்த வரிகள் மறுமுறை தகர்த்தன.

அவள் பாக்தாதுக்குத் தொலைபேசினாள். அங்கே ரஃபல் என்றொருத்தி, அவளைப்போலவே தனியாக விளையாட்டுச் செய்கிறவள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருத்தி நிரலில் உள்ள ஓட்டையை இன்னொருத்தி அறிவாள்.

"என்னடி மோசூல் கஞ்சப் பிசினாறி!" என்றாள் ரஃபல். "நீ மிஸ்டு கால்தானே குடுப்பே? இன்னைக்கு முழுசா அடிக்குது. யாராவது செத்துட்டாங்களா?"

"என் கேம் போச்சு, ரஃபல்."

சிரிப்பு நின்றது. சுந்துஸ் அஞ்சலைப் படித்துக் காட்டினாள். மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"ஐயோ. இது அந்த வியாதிதான். இங்க ஒருத்தனுக்கு வந்துச்சு. வேற யாரோட அக்கவுண்டாவது உன் லேப்டாப்புல திறந்திருக்கும். அவன் அக்கவுண்டை மூடினா, ஒட்டினவன், தொட்டவன் எல்லாரையும் மிஷின் மூடிடும். யாருக்காவது லேப்டாப் குடுத்தியா?"

"நான் ஏன் குடுக்கப் போறேன்?"

"அதானே, மோசூல்காரியா குடுப்பா! பல்லு குத்துற குச்சியைக்கூடக் கழுவித் திருப்பி வாங்குற ஊராச்சே உங்க ஊரு. இருந்தாலும் யோசி. ஒரு அரை மணி நேரம்னாலும் போதும்."

சுந்துஸ் யோசித்தாள். ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அன்று கோடையின் உச்சம். தெருவுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் கம்பி வெயிலில் உருகி அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தன்னூன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தங்கச்சி, என் ஆப்புல ஒரு படம் மாத்தணும், வீட்ல கரண்ட் இல்லை" என்றான். அவள் மடிக்கணினியைச் சுவருக்கு மேலேயே நீட்டினாள். கொடுக்கலாமா என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இருட்டில் இருக்கும் அண்டைவீட்டுக்கு வெளிச்சத்தை மறுப்பது என்பது அந்தத் தெருவில் இல்லாத வழக்கம். ஒரு வீட்டுக் கம்பி அறுந்தால் அடுத்த வீட்டுக் கம்பி சுவரேறி வரும். கேட்டுக்கொண்டு வராது, கணக்குப் பார்த்து வராது. கஞ்சர்கள் என்று நாடே கேலி செய்து சிரிக்கும் மோசூல் மக்கள் இவர்கள்தாம். வாசகர்களே, இவள் செய்த குற்றம் இதுதான். இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பக்கத்து வீட்டுத் தன்னூன்" என்றாள் சுந்துஸ்.

"யாரு, நீ அடிக்கடி சொல்வியே, அந்தப் புறாக்காரனா? செத்தோம் போ. சரி, கேளு. உனக்கு ஒரே ஒரு அப்பீல்தான். ஒரு பெட்டி குடுப்பாங்க, அதுல எழுதணும். 'அந்த ஆளை எனக்குத் தெரியாது, எனக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' அவ்வளவுதான். கெஞ்சாதே, கதை சொல்லாதே. கதை கேக்க அங்க ஆளே இல்லை."

"ஆனா அவரை எனக்குத் தெரியுமே."

"அடி பைத்தியக்காரி! தெரியும்னு எனக்குத் தெரியும். மிஷினுக்கு ஏன் தெரியணும்? உனக்கு உன் கேம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அவளுக்கு அது வேண்டும். மூச்சு வேண்டியிருப்பதைப்போல் வேண்டும். அந்தத் தெரு இன்று முழுதாக நிற்கும் ஒரே இடம் அந்த விளையாட்டுதான். அது போனால் அவள் கற்ற கலைகளுக்கெல்லாம் இனி வாசலே இல்லை. 'புதிய கணக்குத் தொடங்க அனுமதி இல்லை' என்ற அந்தக் கடைசி வரி, செய்த ஒன்றை மட்டுமா கொன்றது? இனிப் பிறக்கப் போவதையும் கருவிலேயே கொன்றது.

அவள் மாடிக்கு ஏறினாள். அடுத்த மாடியில் தன்னூன் கழியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்; நுனியில் கறுப்புத் துணி படபடத்தது; தலைக்கு மேலே அவனுடைய கூட்டம் வெயிலில் திரும்பித் திரும்பி மின்னியது. முப்பதைத் தாண்டிய மனிதன். போருக்கு முன் புறா வளர்த்தான், போரில் இழந்தான், போருக்குப் பின் ஒரு சோடியிலிருந்து மறுபடி தொடங்கினான். அடுத்தவன் மாடியில் தவறி இறங்கிய புறா பிடித்தவனுக்கே சொந்தம் என்பது புறாக்காரர்களின் சட்டம். ஆகவே புறாக்காரன் தன் பறவைக்காகப் பொய்ச் சத்தியமும் செய்வான், அவன் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். தன்னூனும் சேர்ந்து சிரிப்பான்.

"தன்னூன் அண்ணே, உங்க ஆப் என்னாச்சு?"

"எது, 'மோசூல் புறாச் சந்தை'யா? அது எப்பவோ செத்துப் போச்சு." அவன் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம பசங்க அதுல புறா படம் போட்டு விலை பேசினாங்கள்ல? உயிருள்ள பிராணியை விக்கக் கூடாதாம். இங்கிலீஷ்ல மெயிலா வந்து குவிஞ்சுது. எவனோ சோப்பு விக்கிறான்னு நினைச்சு அழிச்சுட்டே இருந்தேன். அப்புறம் பாத்தா ஆப்பையே காணோம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெக்கம்தான், தங்கச்சி. நீ எவ்வளவு நம்பி லேப்டாப்பை நீட்டினே! 'பாரு, கழுதைக்கு லாடம் கட்டின மாதிரி ஆச்சு'ன்னு உங்கம்மா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன். ஏன், என்ன விஷயம்?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அவன் கையிலிருந்த கழி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. துணி தாழ்ந்ததைக் கண்ட புறாக்கள், வேளை வரும் முன்பே ஒவ்வொன்றாகக் கீழிறங்கிச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்தன.

"என்னாலயா?" என்றான் தன்னூன்.

"உங்களால இல்லை. ஆனா உங்க அக்கவுண்டால."

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு, சொல்லு. பாக்தாத்தா? அர்பிலா? இப்பவே வண்டி ஏறிப் போறேன். தப்பு என்னோடது, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு குர்ஆன் மேல கை வச்சுச் சொல்றேன்."

"போறதுக்கு ஆபீஸே இல்லை, அண்ணே. கதவும் இல்லை, கதவைத் தொறக்க ஆளும் இல்லை."

"காவல்காரன்கூடவா இல்லை? நான் காலைப் பிடிக்கிறேன்."

"காலே இல்லை அண்ணே, பிடிக்க."

அவன் வறண்ட சிரிப்பொன்று சிரித்தான். "அதுவும் சரிதான். கதவு இருந்தா மட்டும்? புறாக்காரன் சாட்சியை எவன் ஏத்துக்கப் போறான்?" பிறகு சுவரருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்தப் பாக்தாத் பொண்ணு சொல்றது சரி. தெரியாதுன்னு எழுதிடு. எந்த நாய் அவன்னு எழுது. நான் கோவிச்சுக்கவா போறேன்?"

"கேம்ல உங்க விசில் இருக்கே."

"எடுத்துடு. என்னைவிட நல்லா ஊதுறவன் ஊருக்குள்ள இல்லையா என்ன?"

இல்லை. அது இருவருக்கும் தெரியும். அந்தச் சீழ்க்கையைப் பதிவு செய்த நாளில் சுந்துஸ் தன் மாடியில் நின்று அதைக் கைபேசியில் ஒலிக்கவிட்டபோது, தன்னூனின் கூட்டம் பாதி வானத்தில் தயங்கி, திரும்பி, அவள் மாடியில் வந்து இறங்கிவிட்டது. அவன் சுவரைத் தாண்டிக் குதித்து, "திருடி! பட்டப்பகல்ல திருடி! சட்டப்படி இதெல்லாம் இனி உன்னோடது, நீயே சோளம் போடு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றுதான் அவளுக்குத் தன் விளையாட்டு பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. பறவையே நம்பிய ஒலி அது.

அவள் கீழே வந்து மேல்முறையீட்டுப் பெட்டியைத் திறந்தாள். சில வரிகள் மட்டும் கொள்ளும் வெள்ளைக் கட்டம். அதன் கீழே ஒரு சிறு சதுரம்: 'மேற்கண்ட கணக்குக்குரியவருக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' அந்தச் சதுரத்தில் குறியிட்டால் ஒரு வழி. இல்லையென்றால் வேறொரு வழி, 'விளக்கம் தருக.'

'அவரை எனக்குத் தெரியாது' என்று எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

கவ்லா தேநீர்க் குவளையோடு மேலே ஏறி வந்தாள். மாடியில் நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. அந்த வீடுகளில் சுவர் என்பது பாதிதான்.

"எழுதிடுடி, கண்ணே" என்றாள். "தன்னூன் தங்கமான பையன். முற்றுகையப்போ நம்ம கிணறு மண்ணு மூடினப்ப, சுவருக்கு மேல தண்ணிக் குடம் நீட்டினவன். வெளியே தலை நீட்டினா சுடுவாங்கன்னு தெரிஞ்சும் நீட்டினான். அவ்வளவு செஞ்சவன் ஒரு வரிப் பொய்யைப் பொறுத்துக்க மாட்டானா?"

தாய் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் மகளின் கையைக் கட்டிவிட்டது. சுவருக்கு மேலே நீண்ட குடம். சுவருக்கு மேலே நீண்ட மடிக்கணினி. இவற்றுக்குப் பெயர் தொடர்பு இல்லையென்றால், தொடர்பு என்ற சொல்லுக்கு உலகத்தில் வேறு என்ன பொருள்?

"பொறுத்துப்பார்மா. அதனாலதான் எழுத முடியலை."

"பின்னே என்ன பண்ணப் போறே?"

"உண்மையை எழுதப் போறேன். படிக்கிறது மனுஷனா இருந்தா புரியும்."

"மனுஷனா இல்லைன்னா?"

சுந்துஸ் வெள்ளைக் கட்டத்தில் இருந்ததை அழித்தாள். தான் கற்ற கலைகள் அனைத்தையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வரவழைத்தாள். எழுதி எழுதிச் சுருக்கினாள். பார்த்தாலே புரிய வேண்டும், தடுமாறும் இடம் ஒன்றும் இருக்கக் கூடாது என்று, தாய்க்காக விளையாட்டைத் திருத்தியதுபோலத் திருத்தினாள்.

'அவர் என் அண்டைவீட்டுக்காரர். அவர் வீட்டில் மின்சாரம் இல்லாதபோது என் கணினியைக் கொடுத்தேன். அவர் பறவைகளை நேசிப்பவர். உங்கள் எச்சரிக்கை எழுதப்பட்ட மொழி அவருக்குத் தெரியாது. அவர் செயலிக்கும் என் விளையாட்டுக்கும் ஒட்டில்லை. என் விளையாட்டில் கேட்கும் சீழ்க்கை அவருடையது. அதை மறைக்க மாட்டேன். தயவுசெய்து ஒரே ஒரு முறை விளையாடிப் பாருங்கள்.'

அனுப்பினாள்.

தேநீரில் சர்க்கரை போட்டாள். கரண்டியால் கலக்கினாள். குவளையின் அடியில் சர்க்கரை இன்னும் கரையாமல் சுழன்றுகொண்டிருந்தபோதே கணினி மணி அடித்தது.

'மூடப்பட்ட கணக்கோடு தொடர்பு உண்டு என்பதை நீங்கள் உறுதிப்படுத்தியுள்ளீர்கள். மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. இத்தீர்ப்பு இறுதியானது. இது குறித்த அஞ்சல்களுக்கு இனிப் பதில் தரப்படாது.'

விளையாடிப் பார்க்க ஆகும் நேரம் இல்லை அது. படித்துப் பார்க்க ஆகும் நேரம்கூட இல்லை. எந்தக் கண்ணும் அவள் வரிகள்மேல் படவில்லை. எந்த நெஞ்சும் அவற்றால் ஒரு துடிப்புக்கூட அதிகம் துடிக்கவில்லை. ஒரு பொறி 'தொடர்பு' என்ற குறியை மட்டும் முகர்ந்து பார்த்துக் கதவை அடைத்தது. பொய் சொன்னால் வாழ விடுவேன், உண்மை சொன்னால் கொல்வேன் என்று கொடுங்கோலன் எவனும் இவ்வளவு வெளிப்படையாகச் சட்டம் எழுதியதில்லை.

சுந்துஸ் குவளையைக் கீழே வைத்தாள். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில், மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குண்டு விழும் நாட்களில் அவள் அப்படித்தான் உட்காருவாள். கவ்லா அவள் பக்கத்தில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்தாள். அப்போதும் அவள் அப்படித்தான் உட்காருவாள்.

ரஃபல் அழைத்தாள். "என்ன எழுதினே?"

"உண்மையை."

"கஞ்சப் பிசினாறின்னு உன்னைச் சும்மாவா சொன்னேன்?" என்றாள் ரஃபல். "ஒரே ஒரு பொய். அதைச் செலவழிக்கக்கூட உனக்கு மனசு வரலையாடி?"

"வரலை."

"என் அக்கவுண்ட்ல போடலாம்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா…"

"வேண்டாம். உன்னையும் மூடிடும். இனிமே நீ எனக்குப் போன்கூடப் பண்ணாதே, ரஃபல். எது எதுல ஒட்டும்னு யாருக்குத் தெரியும்?"

கவனியுங்கள், வாசகர்களே. தோழியின் உதவிக்கு அவள் இப்போது அஞ்சுகிறாள். தொட்டால் தீட்டு என்ற கொடுமையை நம் பாட்டன்மார் எதிர்த்தார்கள். நம் தெருக்களில் அதை எதிர்த்து மேடை போட்டோம், சிறை போனோம், பாட்டெழுதினோம். அதே தீட்டு இப்போது கண்ணாடிக்குள் புகுந்து, எண்களின் உடை உடுத்தி வந்திருக்கிறது. இருட்டில் இருந்தவனுக்கு வெளிச்சம் கொடுத்த கை தீட்டுப்பட்ட கை. அந்தக் கை செய்தது எல்லாம் தீட்டு. இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி ஒரு பொறியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

பொழுது சாயும் வேளையில் அவள் மறுபடி மாடிக்கு வந்தாள். தன்னூன் கூட்டத்தை மறுபடி பறக்கவிடவில்லை. கூண்டின் முன்னே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அவனுடைய கைபேசி.

"உண்மையைத்தான் எழுதினியாமே" என்றான் நிமிராமல். "உங்கம்மா சொன்னாங்க. என்ன பொண்ணு நீ? என்னைவிடப் பெரிய முட்டாளா இருக்கியே!"

"ஆமாண்ணே."

"உன் கேம் செத்துப் போச்சுன்னா, என் போன்ல இன்னும் எப்படி ஓடுது?"

"ஏற்கெனவே போட்டவங்க போன்ல இருக்கும். அந்தப் போன் இருக்கிற வரைக்கும். புதுசா யாராலயும் போட முடியாது. போன் உடைஞ்சா, மாத்தினா, அதோட முடிஞ்சுது."

அவன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. "அப்ப இதை இனி நான் தொட மாட்டேன். பெட்டியில பஞ்சு வச்சுப் பூட்டி வைக்கிறேன். பேச வேற போன் பாத்துக்கறேன்."

"பேட்டரி தானா செத்துடும், அண்ணே."

"சார்ஜ் போட்டு வைக்கிறேன்."

"கரண்ட்?"

அவன் சுவரேறிப் போகும் ஜெனரேட்டர் கம்பியைப் பார்த்தான். பிறகு, தொட மாட்டேன் என்று சொன்ன அதே விரலால் விளையாட்டைத் தொட்டான். திரையில் தெரு விரிந்தது. இடப்பக்கம் மூன்றாவது மாடி; நீலத் தொட்டி. அவனுடைய சீழ்க்கை, போருக்குப் பிந்திய அந்த மௌனத்தில், அந்தச் சின்னக் கைபேசியிலிருந்து நீளமாக எழுந்தது.

கூண்டுக்குள் உறங்கப் போயிருந்த புறாக்கள் அத்தனையும் தலை நிமிர்த்தின. ஒன்று கம்பிக்கு மிக அருகே வந்து, கழுத்தைச் சாய்த்து, ஒலி வந்த பக்கம் பார்த்தது. அது யாருடைய குரல் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு பறவைக்குத் தெரிந்தது.

"பாத்தியா" என்றான் தன்னூன். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. "இதுங்க சாட்சி சொல்லும். ஆனா இதுங்க சாட்சியும் செல்லாது, இல்ல?"

சுந்துஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். தனியாக ஒரு விளையாட்டைச் செய்ய எத்தனை கலைகள் வேண்டுமோ அத்தனையும் அவள் கற்றிருந்தாள். கேட்கக் காதில்லாத ஒன்றின் முன்னே தன்னை மனுஷி என்று மெய்ப்பிக்கும் கலையை மட்டும் எந்தக் காணொளியும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. அப்படி ஒரு கலை இல்லை. இருக்கவும் கூடாது.

அவள் சொன்ன சாட்சி செல்லவில்லை. தன்னூனின் சாட்சியைக் கேட்க ஆளில்லை. புறாவின் சாட்சி செல்லாது. மிச்சம் இருப்பது உங்கள் சாட்சி. நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

உங்களில் சிலர் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உயர்ந்த கட்டடங்களில் அமர்ந்து, இத்தகைய பொறிகளுக்கே நிரல் எழுதுகிறீர்கள். உங்களிடம் முதலில் கேட்கிறேன்: நாளைக் காலை உங்கள் மேலாளர் முன் எழுந்து நின்று, 'இறுதித் தீர்ப்பைப் படித்த மனிதர் யார், அவர் பெயர் எங்கே?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களே, உங்கள் கையிலும் கைபேசி இருக்கிறது. அதில் உள்ள கடைக்கு, அதை ஆளச் சட்டமியற்றும் உங்கள் பிரதிநிதிக்கு, ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள்: ஒருவரின் உழைப்பை மூடும் முன் ஒரு மனிதர் அதைப் படிக்க வேண்டும், படித்தவர் தம் பெயரைக் கீழே இட வேண்டும், அண்டை வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது குற்றமாகக் கூடாது. தனியாக எழுதாதீர்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவரையும் அழைத்துக்கொண்டு, தொடர்பு உண்டு என்று இருவருமாகக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இன்றே எழுதுங்கள்.